களரியும் வகுப்பறையும்: சவிட்டு நாடகப் பனுவலின் மொழி வரலாறு

1. முன்னுரை

தமிழில் பாடி, மரத்தட்டின்மேல் காலால் ஓங்கி மிதித்து ஆடப்படும் நாடகம் ஒன்றை மலையாளம் பேசும் கடற்கரை மக்கள் பல தலைமுறைகளாகக் காத்து வந்துள்ளனர். அது சவிட்டு நாடகம் எனப் பெயர் பெறும். கொடுங்கல்லூர் முதல் கொல்லம் வரையுள்ள இலத்தீன் கத்தோலிக்க ஊர்களில் வளர்ந்த இந்நாடகம், 2010-களின் முற்பகுதியில் கேரளப் பள்ளிக் கலைவிழாவின் போட்டி இனங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அதன்பின் கடற்கரையோடு தொடர்பில்லாத உள்நாட்டுப் பள்ளிகளின் மாணவரும் இதனைக் கற்று ஆடி வருகின்றனர்.

இந்த மாற்றம் கலை வளர்ச்சியாகப் பலராலும் பாராட்டப்பட்டுள்ளது. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் வேறொரு வினா உள்ளது. மாணவர் வாய் பாடும் சொற்கள் அவர்தம் தாய்மொழியைச் சார்ந்தவை அல்ல. அச்சொற்களைப் பொருளுணர்த்திக் கற்பிப்பதா, ஒலியளவில் மனப்பாடம் செய்விப்பதா, மலையாளத்தில் பெயர்த்துப் பாடுவிப்பதா? விடை எதுவாயினும் அது பனுவலின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். சவிட்டு நாடகப் பனுவல் கற்பிக்கப்பட்ட வரலாற்றை நோக்கி, அவ்வரலாற்றுக்குள்ளேயே இவ்வினாவுக்கு ஒரு விடை உண்டு என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

2. விழிஞ்ஞமும் கடற்கரைத் தமிழும்

கேரளக் கடற்கரையில் தமிழ் நாடகம் தோன்றியது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ளத் திருவனந்தபுரத்துக்குத் தெற்கேயுள்ள விழிஞ்ஞத்திலிருந்து தொடங்குதல் பயனுடையது. விழிஞ்ஞம் சவிட்டு நாடகத்தின் தலையூர் அன்று. அந்நாடகம் செழித்த ஊர்கள் வடக்கே உள்ளன. எனினும் தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கடற்கரையின் இயல்பை இவ்வூர் நன்கு காட்டுகிறது. ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்த இவ்வூரின் பெயர் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் செப்பேடாகிய சீவரமங்கலச் செப்பேட்டில் விழிஞம் எனக் காணப்படுகிறது. இன்றைய மலையாள வழக்கில் அது ஞகரம் இரட்டித்து வழங்குகிறது.

1544-ஆம் ஆண்டின் இறுதியில் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையின் முக்குவர் ஊர்களில் சமயப்பணி ஆற்றினார். ஒரு மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குத் திருமுழுக்கு அளித்ததாக அவர் மடல் கூறுகிறது. முத்துக்குளித்துறையில் உள்ளூரார் துணையோடு தமிழில் பெயர்த்த செபங்களை அவர் தாமே மனப்பாடம் செய்திருந்தார். மணியடித்துச் சிறுவரைக் கூட்டி அவற்றை ஓதுவித்தார். ஓர் ஊரைவிட்டு நீங்கும்போது செபங்களின் படி ஒன்றை அங்கே வைத்து, அதனைச் சொல்லிக்கொடுக்க ஒருவரையும் அமர்த்தினார். கடற்கரைச் சிறுவர் கூட்டமாக அமர்ந்து, எழுதிய பாடம் ஒன்றைக் குரலெடுத்து ஓதிக் கற்கும் முறை இவ்வாறு அக்கரையில் சமயக் கல்வியின் பகுதியாயிற்று. அம்மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. பின்வந்த அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார் அவற்றைத் திருத்தினார்.

அவ்வடிகளார் மொழிபெயர்த்த தம்பிரான் வணக்கம் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் இதுவே. இந்நூல் பற்றிய இரு செய்திகள் இங்கு நோக்கத்தக்கன. முதலாவது, அது அச்சான இடம் இயேசு சபையாரின் சல்வதோர் கல்லூரி. இரண்டாவது, நூலின் போர்த்துக்கேயத் தலைப்பு அதன் மொழியை ‘மலவார் தமிழ்’ எனக் குறிக்கிறது. இன்று நாம் இரு மொழிகளாகப் பிரித்துக் காண்பவற்றை அன்றைய பாதிரிமார் ஒரே தொடரில் இணைத்துப் பெயரிட்டனர். அவர்கள் நோக்கில் முத்துக்குளித்துறையும் கொல்லமும் ஒரே செபமொழி வழங்கிய ஒரே கரை. 1586-இல் வெளிவந்த அடியார் வரலாறு என்னும் பெருநூலும் அதே அடிகளாரின் ஆக்கம். பிற்காலக் கடற்கரை நாடகங்கள் பலவற்றுக்குப் பொருளான புனிதர் கதைகள் இவ்வாறு தமிழ் உரைநடையில் முன்னரே கிடைத்திருந்தன.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. விழிஞ்ஞம் கேரளத்தில் நின்றது. ஒரே தொழிலும் ஒரே சமயமும் உடைய கடற்கரையின் ஒரு பகுதியில் தமிழும் மறு பகுதியில் மலையாளமும் பள்ளி மொழிகளாயின. கடற்கரைத் தமிழ்ப் பனுவல் ஒன்று இன்று கேரளப் பள்ளியில் அயல்மொழிப் பனுவலாகத் தோன்றுவதற்கு இப்பிரிவும் ஒரு காரணமாகும்.

3. நாடகத்தின் தோற்றம்

சவிட்டு நாடகத்தின் தோற்றத்தைப் போர்த்துக்கேயர் வருகைக்குப் பின், குறிப்பாக 1599-ஆம் ஆண்டு உதயம்பேரூர்ச் சங்கத்துக்குப் பிந்திய காலத்தில் வைத்துக் கூறுவது பரவலான கருத்து. கோதுருத்து ஊரினராகிய சபீனா ராபி 1964-இல் வெளியிட்ட மலையாள நூல் இக்கலை பற்றிய ஆய்வுக்கு அடித்தளமாக அமைந்தது. காரல்மான் சரித்திரம் என்னும் புகழ்பெற்ற நாடகத்தைச் சின்னத்தம்பி அண்ணாவி இயற்றினார் என்பது மரபுச் செய்தி. அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்றும் அம்மரபு கூறுகிறது. இச்செய்தியை ஆவணத்தின் நிலையில் வைத்தல் இயலாது. ஆயினும் நாடகத்தின் மொழியும் ஆசிரியரைக் குறிக்கும் சொல்லும் அதற்கு அரண் செய்கின்றன.

காரல்மான் சரித்திரம் பிராஞ்சு நாட்டுப் பேரரசன் சார்லமேனையும் அவனுடைய பன்னிரு வீரரையும் பற்றியது. ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டிலேயே இக்கதை ஸ்பானிய உரைநடையில் அச்சாகிப் பின் போர்த்துக்கேயத்துக்கும் சென்றது. கடற்கரை நாடகத்தில் பேரரசனின் மருகன் ரோல்தான் எனப் பெயர் பெறுகிறான். பிராஞ்சு மொழியில் ரோலான் என வழங்கும் பெயரில் லகரமும் தகரமும் இடம் மாறி அமைவது ஐபீரிய மொழிகளின் வழக்கு. கதை வந்த வழியைச் சொல்லின் வடிவமே இங்கு உணர்த்தி நிற்கிறது.

இந்நாடகத்துக்கும் ஐரோப்பியப் பள்ளி நாடகத்துக்கும் உறவு உண்டா என்பது ஆராயத்தக்கது. இயேசு சபைக் கல்லூரிகளில் மாணவர் நாடகம் நடித்தல் கல்வியின் பகுதியாக இருந்தது. அச்சபையின் கல்வி முறைமையை வகுத்துரைக்கும் ஆவணம் 1599-இல் முழுவடிவம் பெற்றது. மாணவர் நாடகங்கள் இலத்தீன் மொழியில், சமயப் பொருளில், அரிதாகவே நடைபெற வேண்டும் என்று அது விதித்தது. கேரளத்திலோ கொச்சி, கொல்லம் ஆகிய இடங்களில் அச்சபையின் கல்லூரிகள் இருந்தன. பிற்காலத்தில் சவிட்டு நாடகத்துக்குப் பெயர் பெற்ற கோதுருத்துக்கு அணித்தே சேந்தமங்கலத்து வைப்பிக்கோட்டையில் சமயக் கல்விக்கூடம் ஒன்றும் இருந்தது. பள்ளி நாடகம் கண்டவர்கள் வழியாக ஐரோப்பிய உடையும் போர்க்காட்சியும் கடற்கரை நாடகத்தில் புகுந்திருக்கலாம். இது கருதுகோளே, ஆனால் இலத்தீன் நாடகம் மறைந்து தமிழ் நாடகம் நிலைத்தது என்பது உண்மை. கற்பிக்கும் பொறுப்பு பாதிரியார் கையில் தங்காமல் அண்ணாவியின் கைக்கு வந்ததே அதற்குக் காரணம் எனலாம்.

4. அண்ணாவி, களரி, சுவடி

கலைச்சொற்கள் கற்பித்தல் முறையின் வரலாற்றைத் தம்முள் பொதிந்து வைத்துள்ளன. அண்ணாவி என்னும் சொல் தென்தமிழ் வழக்கில் திண்ணைப் பள்ளி ஆசிரியரையும் கூத்துப் பயிற்றுவோரையும் ஒருங்கே குறித்தது. ஈழத்தில் மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் கூத்து ஆசிரியர் இன்றும் அண்ணாவியார் எனப்படுகிறார். கேரளக் கரையில் அண்ணாவி என்பதோடு ஆசான் என்ற சொல்லும் வழங்குகிறது. மலையாளத்தில் ஆசான் எழுத்தறிவிப்பவர். களரிப் பயிற்சி அளிப்பவரும் அவரே. ஆக இரு கரைகளிலும் நாடக ஆசிரியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் ஒரே பெயர்.

களரி என்ற சொல்லும் இத்தகையதே. மலையாளத்தில் அது போர்ப் பயிற்சிக் கூடத்தையும், எழுத்துக்களரி என்னும் தொகையில் பள்ளியையும் உணர்த்தும். சவிட்டு நாடகம் பயிலும் இடமும் களரியே. மட்டக்களப்பில் கூத்து ஆடும் வட்டமான அரங்கு களரி எனப்படுகிறது. அங்கே கூத்துப் பயிற்சியின் தொடக்க நிகழ்ச்சி சட்டம் கொடுத்தல் ஆகும். ஒவ்வொருவரும் பாடவேண்டிய பகுதி எழுதி அவரவர் கையில் தரப்படும். ஆட்டமும் பாட்டும் பழகும் படிகள் பல கடந்த பின்னரே அரங்கேற்றம் நிகழும். பழைய பள்ளியில் மாணவர் தலைவனைக் குறித்த சட்டாம்பிள்ளை என்ற சொல்லையும் இதனோடு வைத்து நோக்கலாம். திருவனந்தபுரத்தில் பிறந்த சட்டம்பி சுவாமிகள் அப்பெயரைப் பெற்றதும் இளமையில் வகுப்பில் ஏற்ற இப்பொறுப்பினால் என்பர்.

சவிட்டு நாடகப் பனுவல் சுவடி எனப்படுகிறது. ஆட்டத்தின் அடிவைப்புச் சுவடு எனப்படும். இரண்டும் ஒலியால் நெருங்கியவை; களரியில் பயிற்சியாலும் நெருங்கியவை. பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் உரிய மிதிப்பு உண்டு. ஆடுவோரே பாடவும் வேண்டும். நாடகப் பெயரின் முன்மொழியாகிய சவிட்டு மலையாளச் சொல்லாக இன்று தோன்றினும், குமரி மாவட்டத்துப் பேச்சுத் தமிழில் சவுட்டு என்பது மிதித்தல், உதைத்தல் என்னும் பொருளில் இன்றும் உயிர்ப்புடன் வழங்குகிறது.

இவற்றுள் மொழிபெயர்ப்பாளர் தனித்துக் கருதவேண்டிய சொல் கட்டியக்காரன். தமிழ்க் கூத்து மரபுகளுக்குப் பொதுவான இப்பாத்திரம் சவிட்டு நாடகத்திலும் உண்டு. அரசனும் வீரரும் பாட்டால் பேச, கட்டியக்காரன் கதையைத் தன் சொல்லில் விளக்கியும் நகைத்தும் அவையோரோடு உரையாடுவான். பாட்டின் மொழி ஒன்றாகவும் விளக்கத்தின் மொழி வேறொன்றாகவும் இருப்பதற்கு இப்பாத்திரம் இடம் தருகிறது.

5. பனுவலின் மொழி

பழைய சவிட்டு நாடகங்களின் மொழியைக் கேரளத்தார் செந்தமிழ் என்றே குறிப்பர். உண்மையில் அது செய்யுள் தமிழை அடியாகக் கொண்டு, மலையாளமும் போர்த்துக்கேயச் சொற்களும் விரவிய கலவை நடை. தமிழ் நாடகங்களுக்குரிய விருத்தம் முதலிய பாவகைகள் இதிலும் பயில்கின்றன. மலையாளம் பேசும் மாணவர் இதனைக் கற்கும்போது எழும் மொழியியல் சிக்கல்கள் மூன்று நிலையின.

முதலாவது ஒலிநிலை. தமிழில் மெல்லினமும் வல்லினமும் இணைந்து வரும் இடங்கள் பலவற்றில் மலையாளத்தில் மெல்லினம் இரட்டிக்கும். கஞ்சி என்பது கஞ்ஞி எனவும், மாங்காய் என்பது மாங்ஙா எனவும், வந்து என்பது வந்நு எனவும் அமையும். தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிப் படிக்கும் மாணவர் பழக்கத்தால் இம்மாற்றத்தைச் செய்தல் இயல்பு. இதனால் தொடையே சிதையக்கூடும். வந்தான் என்பதும் சிந்தை என்பதும் எதுகையாக வரும் இரண்டடிகளைக் கருதுக. மலையாளத்தில் முன்னது மாறும், பின்னது மாறாது. எதுகை அழியும். ஒலித்திரிபு பாட்டின் கட்டமைப்பையே தாக்குவதற்கு இது சான்று.

இரண்டாவது சொல்லமைப்பு நிலை. தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார் என வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும். இக்கால மலையாளத்தில் இவை அனைத்துக்கும் ஒரே வடிவமே உண்டு. நாடகப் பாட்டில் எழுவாய் தோன்றாதபோது பேசுவோன் யார், யாரைப் பற்றிப் பேசுகிறான் என்பதை உணர்த்துவது வினையின் ஈறே. அந்த ஈற்றின் பணியை அறியாத மாணவர் பாத்திரத்தின் கூற்றையே மயங்கி உணர்வர். மேலும், ஆன், ஏன் முதலிய நெட்டுயிர் ஈறுகள் அடியின் இறுதியில் குரலை நீட்டிக் காலை ஊன்ற இடம் தருகின்றன. குற்றுயிரில் முடியும் மலையாள வினைக்கு அவ்வசதி இல்லை.

மூன்றாவது பொருள்நிலை. முற்றிலும் அறியாத சொல் மாணவரை வினவத் தூண்டும். இரு மொழிக்கும் பொதுவாகி, பொருள் மட்டும் வேறுபட்ட சொல்லோ அவரை அமைதியாக ஏமாற்றும். தமிழில் சம்சாரம் இல்வாழ்க்கை அல்லது மனைவி, மலையாளத்தில் பேச்சு. தமிழில் பொதுவாக வெள்ளம் என்றால் பெருக்கு, மலையாளத்தில் நீர். குமரிக் கடற்கரைத் தமிழர் நீரை வெள்ளம் என்றே கூறுவதால் இரு வழக்கையும் அறிந்திருப்பர். அத்தகைய இருமொழிக் காதுடையோரைக் கொண்ட சமூகத்தில் தோன்றிய பனுவல், அவ்வறிவு அற்ற வகுப்பறைக்குச் செல்லும்போது விளக்கத்தைத் துணையாகக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

6. பள்ளி மேடையில்

கேரளப் பள்ளிக் கலைவிழா 1957 சனவரியில் எர்ணாகுளத்தில் தொடங்கியது. பல்லாண்டுகளுக்குப் பின்னரே சவிட்டு நாடகம் அதில் இடம் பெற்றது. இச்சேர்க்கையால் விளைந்த நன்மைகளை மறுத்தல் இயலாது. கடற்கரை ஆசான்மார்க்குப் பள்ளிகளில் பணி கிடைத்தது. ஒரு சமூகத்தின் சமயக் கலையாக மட்டும் கருதப்பட்டது அனைவரும் பயிலும் கலையாயிற்று. ஆடவரே பெண்வேடமும் தரித்த பழைய மேடைக்கு மாறாக இன்று மாணவியரும் ஆடுகின்றனர்.

எனினும் போட்டி மேடை பனுவலைச் சுருக்குகிறது. இரவுகள் தொடர்ந்து நடந்த நாடகம் வரையறுத்த நேரத்துக்குள் அடங்க வேண்டும். அப்போது போர்க்காட்சியும் மிதிப்பும் நிற்கின்றன. கதையைக் கொண்டுசெல்லும் பாட்டும் கட்டியக்காரனின் விளக்கமும் முதலில் வெட்டுப்படும் இயல்பின. அதே கலைவிழாவில் தமிழ்ச் செய்யுள் ஒப்பித்தலும் தமிழ்ப் பேச்சும் மொழிப் போட்டிகளாக நடைபெறுகின்றன. அங்கே தமிழ் மொழியாக மதிக்கப்படுகிறது. சவிட்டு நாடகமோ கலைப் போட்டி; அதன் தமிழ் இசைக்கு உரிய ஒலியாக மட்டும் எஞ்சும் நிலை உள்ளது.

இதே சிக்கலை ஈழத்தமிழர் முன்னரே சந்தித்தனர். 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தைப் புது மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர் 1962-இலும் நொண்டி நாடகம் 1963-இலும் மேடையேறின. விடிய விடிய ஆடிய கூத்து அவர் கையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருங்கியது. பள்ளிகளுக்கிடையே கூத்துப் போட்டிகளும் நடைபெற்றன. ஆயினும் அவர் மற்றொரு பணியையும் உடன் மேற்கொண்டார். அண்ணாவிமார் மாநாடுகளைக் கூட்டினார். ஏட்டிலும் நினைவிலும் இருந்த முழுப் பனுவல்களைப் பதிப்பித்தார். மன்னார்க் கத்தோலிக்க மரபைச் சேர்ந்த எண்டிரீக்கு எம்பரதோர் நாடகம் (1964), மூவிராசாக்கள் நாடகம் (1966), ஞானசவுந்தரி நாடகம் (1967) ஆகியன அவற்றுள் சில. எம்பரதோர் என்பது பேரரசன் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல். பதிப்பில் அது மாற்றப்படாமல் காக்கப்பட்டுள்ளது. நாடகமும் அரங்கியலும் பின்னர் இலங்கையில் உயர்தர வகுப்புக்குரிய பாடமாக வளர்ந்தபோது, மாணவர் கையில் கொடுப்பதற்கு அச்சிட்ட பனுவல்கள் இருந்தன. மேடை சுருங்கியபோதும் பனுவல் சுருங்காமல் காக்கப்பட்டது அங்குக் கிடைத்த படிப்பினை.

7. மொழிபெயர்ப்பின் இடம்

கேரள வகுப்பறைக்கு மூன்று வழிகள் உள்ளன. பாட்டை ஒலியளவில் மனப்பாடம் செய்வித்தல் எளிய வழி. அது சில தலைமுறைகளில் பனுவலைத் திருத்தவியலாத ஒலிக்கோவையாக்கிவிடும். பொருள் அறியாதவர் தம் பிழையை அறியார். அப்பிழையே அடுத்தவர்க்குப் பாடமாகும்.

பாட்டு முழுவதையும் மலையாளத்தில் பெயர்த்துப் பாடுதல் இரண்டாவது வழி. மலையாளத்திலேயே புதிய சவிட்டு நாடகங்கள் இயற்றப்பட்டு வருவதால் இதற்கு முன்மாதிரியும் உண்டு. புதிய நாடகங்களுக்கு அது பொருத்தமே. பழைய பனுவலுக்கு அது பொருந்தாது. மேலே காட்டியவாறு எதுகையும் வினை ஈறும் மிதிப்போடு பிணைந்துள்ளமையால், சொல் மாறின் அடிவைப்பும் மாற நேரும்.

பாட்டைத் தமிழிலேயே நிறுத்திப் பொருளை மலையாளத்தில் விளக்குதல் மூன்றாவது வழி. இது புதிய ஏற்பாடு அன்று. மேடையில் கட்டியக்காரன் செய்து வந்த பணியை வகுப்பறையில் மொழிபெயர்ப்பாளர் ஏற்பதே இது. இதற்கு வேண்டிய கருவி முறையான பதிப்பு. தமிழ் எழுத்திலும் மலையாள எழுத்திலும் எதிரெதிர்ப் பக்கங்களில் பாட்டு அமைதல் வேண்டும். அதன்கீழ் மலையாள உரைநடைப் பொருளும், மயங்க வைக்கும் பொதுச் சொற்களின் பட்டியலும், வினைமுற்றுகளின் இடம் பால் விளக்கமும் தரப்படல் வேண்டும். ஆசான்மார் பாடும் பாடவேறுபாடுகளும் குறிக்கப்பட வேண்டும்.

இங்கே தமிழ்ப் பதிப்பாசிரியர்க்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மலையாளத் திரிபுகளை எல்லாம் நீக்கித் தூய செந்தமிழாக்கும் ஆர்வம் எழக்கூடும். எழுதுவோர் பிழையையும் கலவை நடையின் இயல்பான வடிவத்தையும் வேறுபடுத்தாமல் திருத்தினால், ‘மலவார் தமிழ்’ எனப் பெயர் பெற்ற கரையின் மொழிச் சான்றே அழிந்துவிடும். எதுகையும் ஓசையும் ஒரு வடிவத்தைக் கட்டாயமாக வேண்டும் இடத்தில் மட்டும் திருத்துதல் தகும். ஏனைய இடங்களில் உள்ளவாறே விடுத்து அடிக்குறிப்பில் விளக்குதல் முறை.

8. முடிவுரை

சவிட்டு நாடகம் பள்ளிக்குள் நுழைந்ததனை முற்றிலும் புதிய நிகழ்ச்சியாகக் கருத வேண்டுவதில்லை. இக்கரையில் தமிழ் நூல் அச்சான இடம் ஒரு கல்லூரி; நாடகம் பயிற்றியவர் பெயர் பள்ளி ஆசிரியர் பெயர்; பயின்ற இடத்தின் பெயரும் பள்ளியின் பெயரே. களரியில் பாட்டும் மிதிப்பும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. வகுப்பறையில் இவை பிரியும் நிலை தோன்றியுள்ளது. ஆட்டத்தைக் காக்க ஆசான்மார் இருக்கின்றனர். பனுவலைக் காக்கும் பொறுப்பு இரு மொழியும் அறிந்த மொழியியலாரையும் மொழிபெயர்ப்பாளரையும் சார்ந்தது. முழுப் பனுவலை நினைவில் வைத்திருக்கும் முதிய ஆசான்மார் உள்ளபோதே ஒலிப்பதிவும் படியெடுப்பும் நிகழ்தல் வேண்டும். 2025 சனவரியில் பள்ளிக் கலைவிழா திருவனந்தபுரத்தில் நடைபெற்றது. விழிஞ்ஞம் அந்நகருக்கு அணித்தே உள்ளது. இரு மொழிகளையும் ஒருங்கு கேட்கும் காது இக்கரையில் இன்னும் இருக்கிறது. பதிப்புப் பணி அங்கிருந்து தொடங்குதல் பொருந்தும்.